அவர் பெயரில் ஒரு லைசன்ஸ்

என் கணவர் இறந்த எட்டாவது மாதம், அவர் எழுதிய புரோகிராம் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரும் நின்றுபோனது. ஐப்பசி மழையில் நண்டு ஷெட்டின் தகரக் கூரை ஓரமாகப் பிய்த்துக்கொண்டு, தண்ணீர் நேராகப் பெட்டியின் மேல் ஒழுகியிருந்தது. காலையில் நான் போய்ப் பட்டனை அழுத்தினேன். உள்ளே விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினேன். ஒன்றும் இல்லை. உப்பும் கருகலும் கலந்த ஒரு வாடை மட்டும் வந்தது.

நான் அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் நான் அழவில்லை. அதைப் பற்றி ஊரில் பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஷெட் பழவேற்காட்டில், பாலம் ஏறுவதற்கு முன்னால் இடது பக்கம் இருந்தது. ஏரி நண்டும் கடல் நண்டும் அங்கே வரும். கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்கு போட்டு மூடிய கூடைகளில் உயிரோடு வரும். தராசில் வைத்து, கொண்டு வந்தவர் யார், எந்தக் குப்பம், என்ன ரகம், எத்தனையாவது லாட் என்று சீட்டு அடித்துக் கூடையில் கட்டவேண்டும். மத்தியானம் சென்னையிலிருந்து ஏற்றுமதிக் கம்பெனியின் வண்டி வந்து எடுத்துப்போகும். சீட்டு இல்லாத கூடையை அவர்கள் தொடமாட்டார்கள். தராசிலிருந்து எடையைத் தானாக வாங்கி அந்தச் சீட்டை அடிக்கும் புரோகிராமைத்தான் என் கணவர் எழுதியிருந்தார்.

அவர் கோட்டைக்குப்பத்தில் மீன்பிடிக்கிற குடும்பம். பொன்னேரிக்குப் பஸ்ஸில் போய் கம்ப்யூட்டர் படித்தவர். நான் காட்டூர், நெல் போடுகிற வீடு. பி.காம். முடித்து அந்த ஷெட்டுக்குச் சீட்டு எழுதும் வேலைக்கு வந்தேன். அப்போது எல்லாம் கையால்தான் எழுதுவோம். ஈரக் கையோடு நாள் முழுக்க நான் எழுதுவதைப் பார்க்கமுடியாமல்தான் புரோகிராம் எழுத ஆரம்பித்ததாகப் பிறகு சொன்னார். நான் நம்பவில்லை. அவருக்கு எழுதப் பிடிக்கும், எழுதினார். ஆனாலும் அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

நாம் தப்பாக எதையாவது செய்தால் திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் வரும் இல்லையா, அந்தக் கட்டங்களில் அவர் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதிவைத்திருந்தார். தேதி போடாவிட்டால், “இன்னிக்கு இன்னா தேதினு தெரியாதா?” எடை வராமல் அச்சடிக்கப் போனால், “நண்டு காத்துலயா மெதக்குது? தராசுல வை.” ஒரே கூடையை இரண்டாவது முறை பதிந்தால், “இது அப்பவே வந்துச்சு. அதுக்குள்ள குட்டி போட்டுச்சா?”

ஷெட் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். முதலில் அவர் தலையில் அடித்துக்கொண்டார். “சென்னைலேர்ந்து கம்பெனிக்காரன் வர எடம்பா இது. மரியாதையா எழுது.” பிறகு அவரே வேண்டுமென்று தேதியை விட்டுவிட்டு, வருகிறவர்களுக்கு அந்தக் கட்டத்தைக் காட்டிச் சிரிப்பார்.

எங்கள் கல்யாணத்துக்குக் காட்டூரிலிருந்து யாரும் வரவில்லை. கோட்டைக்குப்பத்தில் என் மாமியார் வந்தார், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றார். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துக் குடும்பம் நடத்தினோம். பாலத்தடியில் கூடை வைத்து மீன் விற்கிற மாமியார், மகனுக்குக் கொடுக்கும் குழம்பை மகன் கையில்தான் கொடுப்பார். என்னிடம் தரமாட்டார்.

லைசன்ஸ் விவகாரம் என் கணவர் உயிரோடு இருக்கும்போதே வந்தது. ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து வருடா வருடம் சோதனைக்கு வருவார்கள். ஐஸ், தண்ணீர், கையுறை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அந்த வருடம் கம்ப்யூட்டரையும் பார்த்தார்கள். அதில் இருந்த விண்டோஸ் செவன், யாரோ போட்டுக் கொடுத்த திருட்டுக் காப்பி. அடுத்த முறை வரும்போது லைசன்ஸ் காகிதம் இருக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

புதிய விண்டோஸ் வாங்குவது சுலபம். ஆனால் தராசோடு பேசும் பழைய கார்டு ஒன்று பெட்டிக்குள் இருந்தது. அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. புதிய விண்டோஸுக்கு அந்தக் கார்டு ஒரு கார்டாகவே தெரியாது. ஆகவே பழையதைத்தான் ஒழுங்காக வாங்கவேண்டும். அதைக் கடைகளில் விற்பதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. என் கணவர் இரண்டு மாதம் தேடினார். கடைசியில் சென்னையில் ஒரு கடைக்காரர் அலமாரிக்குப் பின்னாலிருந்து சீல் உடைக்காத ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பாய் அப்போது ஊரில் இல்லை. தீபாவளிக்குக் கிடைத்த போனஸை வைத்து இவர் தன் பெயரிலேயே பில் போட்டு வாங்கி வந்துவிட்டார்.

“விக்கிறதையே நிறுத்திட்ட சாமானை யாராவது புதுசா வாங்குவாங்களா?” என்று கத்தினேன். வீட்டில் ஜன்னலுக்குக் கதவில்லாமல் சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

“அவன் எழுதினத நான் திருடினா, நான் எழுதினத எவன் மதிப்பான்?”

“நீங்க எழுதினத இப்ப மட்டும் எவன் மதிக்கிறான்?”

நான்கு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். ஐந்தாவது நாள் பேசினேன். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மாசி மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளாக இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, தூக்கமில்லாததால் என்றார். காய்ச்சலோடு ஷெட்டுக்குப் போய் புரோகிராமில் எதையோ மாற்றிக்கொண்டிருந்தார். பொன்னேரியில் காட்டினோம், அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். கல்லீரல் முழுக்கப் போய்விட்டது என்றார்கள். பத்தொன்பது நாள். முப்பத்தெட்டு வயது.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, என் மாமியார் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, “காட்டூர்க்காரி வந்தா, எம்புள்ள போய்ட்டான்” என்று மாரில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. இரண்டு அடுப்பும் எரிந்தன.

கம்ப்யூட்டர் நின்ற அன்று பாய் பொன்னேரியிலிருந்து ரிப்பேர்காரரை வரவழைத்தார். அவர் பெட்டியைத் திறந்து பார்த்து, போர்டு போய்விட்டது, டிஸ்க்கும் தராசுக் கார்டும் தப்பித்துவிட்டன என்றார். அந்தக் கார்டைச் செருகும் பழைய மாதிரிப் பெட்டி ஒன்றை சென்னையிலிருந்து தேடிக் கொண்டுவருவதாகவும் சொன்னார்.

“விண்டோஸுக்குக் கவலப்படாதீங்க பாய். எங்கிட்ட சிடி கீது. போட்டுட்டு கிராக் பண்ணிடலாம். ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்.”

பாய் யோசித்தார். “அதெல்லாம் வாணாம்பா. தையில சோதனைக்கு வராங்க. இன்னொரு தபா மாட்டினா லாட்டே எடுக்க மாட்டான்.” பிறகு என்னைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். “ஏம்மா, மனசுல வெச்சுக்காத. புதுத் தராசு, புது சாஃப்ட்வேர்னு மொத்தமா மாத்திக்கலாமானு பாக்குறேன். எத்தினி நாளிக்குத்தான் இத இழுத்துனு போறது.”

“அவர் வாங்கின டப்பா வீட்ல இருக்கு பாய். அதையே திரும்பப் போட முடியுமானு பாக்குறேன். ஒரு வாரம் குடுங்க.”

ஏன் கேட்டேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. புரோகிராம் இல்லாவிட்டால் நான் பழையபடி கையால் எழுதிக்கொண்டு போயிருப்பேன்.

டப்பா பீரோவில் அவர் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. உள்ளே சிடி, எண் அச்சடித்த ஸ்டிக்கர், பில், பொடி எழுத்தில் நிபந்தனைகள். நான்கு நாள் அந்த நிபந்தனைகளைப் படித்தேன். இங்கிலீஷ் எனக்கு வரும், ஆனால் அது வக்கீல் இங்கிலீஷ். ஒவ்வொரு வரியையும் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டே போனேன். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வரும் விண்டோஸ் ஒரு வகை. அந்தக் கம்ப்யூட்டர் போனால் அதன் லைசன்ஸும் அதோடு போய்விடும். தனியாக டப்பாவில் வாங்கியது வேறு வகை. அதை ஒரு பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு இன்னொரு பெட்டியில் போடலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கவேண்டும். அவர் வாங்கியது இரண்டாவது வகை. தெரிந்துதான் வாங்கியிருக்கிறார். நான் கத்தியபோது இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வாங்கினவர் இறந்துபோனால் என்ன என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அதனால் பொன்னேரி தாலுகா ஆபீசில் அலைந்து வாங்கிய வாரிசுச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் டப்பாவுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

ரிப்பேர்காரர் பழைய பெட்டியைக் கொண்டுவந்து, டப்பாவில் இருந்த சிடியைப் போட்டு, ஸ்டிக்கரில் இருந்த எண்ணை அடித்தார். இது பாதுகாப்பு நின்றுபோன பழைய விண்டோஸ், நெட் ஒயரை இதில் செருகவே கூடாது என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். நெட் இல்லாததால் போன் போட்டுத்தான் அதை உயிர்ப்பிக்கவேண்டும். திரையில் ஒன்பது கட்டங்களில் எண்கள் வந்தன. போனில் பேசிய இயந்திரக் குரலுக்கு அவை ஒவ்வொன்றையும் அழுத்தினேன். முடியாது, அதிகாரியோடு பேசுங்கள் என்றது அது. கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் வந்தாள்.

நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். டப்பா, பழைய பெட்டி, மழை, எல்லாவற்றையும் சொன்னேன். பில் யார் பெயரில் என்று கேட்டாள். என் கணவர் பெயரைச் சொன்னேன். அப்படியானால் அவரைப் பேசச் சொல்லுங்கள் என்றாள். தப்பாகச் சொல்லவில்லை. யாரும் கேட்பதுதான்.

“அவர் இல்லை” என்றேன்.

எப்போது வருவார் என்று கேட்டாள்.

எட்டு மாதமாக எல்லோரிடமும் “அவர் இல்ல” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரில் அதுவே போதும், எல்லோருக்கும் புரியும். இவளுக்குப் புரியவில்லை. இங்கிலீஷில் அந்த வார்த்தையைத் தேடினேன், வாயில் வரவில்லை. “செத்துட்டாரும்மா” என்றேன் தமிழில்.

போன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

“அக்கா,” என்றாள் அவளும் தமிழில். “மன்னிச்சுக்குங்க அக்கா.”

“வாரிசு சர்ட்டிபிகேட் இருக்கு. நம்பர் சொல்லட்டுமா? டெத் சர்ட்டிபிகேட்டும் கைல இருக்கு.”

“அதெல்லாம் வேணாம் அக்கா. டப்பா உங்ககிட்ட இருக்கா? பழைய மிஷின்ல இப்ப இது ஓடலையே?”

“அது எரிஞ்சுபோச்சு.”

“அப்ப போதும். இது உங்களோடதுதான். நான் நம்பர் சொல்றேன், மெதுவா எழுதிக்குங்க.”

எட்டுக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் அவள் சொல்ல, நான் திரும்பச் சொன்னேன். ஐந்தாவது கட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை. “இருக்கேன் அக்கா, நிதானமா சொல்லுங்க” என்றாள். சான்றிதழ் இரண்டும் மடியில் இருந்தன, என் கண்ணீர் அவற்றின் மேல்தான் விழுந்தது. ரிப்பேர்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். பாய் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கூடையின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். எண்களைப் போட்டு முடித்ததும் திரையில் வேலை முடிந்தது என்று வந்தது. அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

பழைய டிஸ்க்கிலிருந்து புரோகிராமை எடுத்துப் போட்டதும், கட்டங்களில் எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரிந்தது. அவர் ஒரு பழைய தமிழ் எழுத்துருவில் எழுதியிருந்தார். அது அவருடைய பென் டிரைவில் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அதைப் போட்ட பிறகு, நான் முதலில் தேதியை விட்டுவிட்டு அழுத்தினேன்.

“இன்னிக்கு இன்னா தேதினு தெரியாதா?”

பிறகு எடையை விட்டேன். பிறகு ஒரே கூடையை இரண்டு முறை பதிந்தேன். எனக்குத் தெரிந்த தப்பையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தேன். பாய் தடுக்கவில்லை. பாலத்தடிக்கு ஆளனுப்பி, “ஒம்புள்ள எழுதினது திரும்ப ஓடுது, வந்து பாரு” என்று என் மாமியாருக்குச் சொல்லச் சொன்னார்.

என் மாமியார் வந்தார். மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் நிற்பதைப் பார்த்த பதற்றத்தில் என் கால் மேஜைக்கடியில் இருந்த தராசு ஒயரில் பட்டு அது கழன்றுவிட்டது. திரையில் நான் அதுவரை பார்க்காத ஒரு கட்டம் வந்தது. காய்ச்சலோடு வந்து மாற்றிக்கொண்டிருந்தாரே, அப்போது சேர்த்திருக்கவேண்டும். எனக்குக் கண் மறைத்தது. பாய்தான் குனிந்து சத்தமாகப் படித்தார்.

“இன்னா ஆச்சுனு எனக்கும் தெரியல. காட்டூர்க்காரிய கேளு.”

படித்து முடித்த பிறகுதான் பாய்க்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். என் மாமியார் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாலத்துப் பக்கம் நடந்தார். நான் குனிந்து ஒயரை மாட்டினேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது என் அடுப்பின் பக்கத்தில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். அவர் என் பக்கத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

“உன்ன கேளுனு எழுதி வெச்சிக்கிறான்,” என்றார். “நான் ஒரு தபாகூட கேக்கலியே.”

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“ஆஸ்பத்திரில என்ன உள்ள வுடல. நீதான் கூட இருந்த. கடசியா இன்னா சொன்னான்?”

எட்டு மாதம் நானும் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியாக அவர் பெரிதாக எதுவும் சொல்லவும் இல்லை.

“செருப்பு எங்கனு கேட்டாரு அத்த. வீட்டுக்குப் போலாம், என் செருப்பு எங்க வெச்சேனு கேட்டாரு. கட்டிலுக்கு அடியிலதான் இருக்குனு சொன்னேன். சரினு கண்ண மூடிக்கினாரு.”

“எந்தச் செருப்பு? அந்த நீல வாரு போட்டதா?”

“ஆமா அத்த.”

“அது அவனுக்குக் கடிக்கும்,” என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைத் தொடவில்லை, நானும் தொடவில்லை. விளக்கு வைக்கும் வரை இருவரும் அப்படியே அழுதுகொண்டிருந்தோம். பிறகு அவர் எழுந்து தன் அடுப்பிலிருந்த குழம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

நான்கு நாள் சண்டையில் நான் என் கணவரிடம் என்ன சொன்னேன் என்பதை மட்டும் அவர் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

தை மாதம் சோதனைக்கு வந்தார்கள். பில்லைப் பார்த்து, இது யார் பெயர் என்று கேட்டார்கள். “எங்க இன்ஜினியருங்க” என்றார் பாய். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். இரண்டு வருடம் அந்தப் பெட்டி ஓடியது. போன வருடம் ஏற்றுமதிக் கம்பெனியே எல்லா ஷெட்டுக்கும் ஒரு புதுத் தராசும் ஒரு போனும் கொடுத்து, இனிமேல் எல்லாம் இதில்தான் என்று சொல்லிவிட்டது. கூடையை வைத்தால் சீட்டு தானாக வருகிறது. தப்பு செய்தால் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு வரும், அவ்வளவுதான். பாய் பழைய பெட்டியையும் டப்பாவையும் என்னையே எடுத்துப்போகச் சொன்னார்.

போன மாதம் பொன்னேரி ரிப்பேர்காரர் வீடு தேடி வந்தார். அங்கே ஒரு அச்சகத்தில் பழைய மிஷின் ஒன்று இதே விண்டோஸில்தான் ஓடுமாம். அவர்களும் நேர்மையாக வாங்கவேண்டும் என்று அலைகிறார்களாம், எங்கும் கிடைக்கவில்லையாம். டப்பாவோடும் ஸ்டிக்கரோடும் கொடுத்தால் சட்டப்படி அது அவர்களுடையதாகிவிடும் என்று சொன்னார்.

“உங்க பெட்டிலேர்ந்து அத அழிச்சிரணும் அக்கா. ரெண்டு எடத்துல இருக்கக் கூடாதே.”

அந்த விதி எனக்குத் தெரியும். நோட்டில் தமிழில் எழுதிவைத்தவள் நான்தான். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறு வாரம் ரிப்பேர்காரரே போன் செய்து கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த அச்சகத்துக்காரர் இப்போது திருட்டுக் காப்பியைப் போட்டிருப்பாரோ என்னவோ. என் கணவர் இருந்திருந்தால் சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்திருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் கொடுக்கவில்லை.